விண்ணப்பம் என்கிற பிரதி: நிதி, தொண்டு, அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

முதலில் ஒரு சம்பவம். 1998. ஒரு நகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் இளைஞர்கள் சேர்ந்து மாலைநேரப் படிப்பகம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஓட்டுக் கட்டடத்தில் ஒரு அறை, இரண்டு டியூப்லைட், நாற்பது பிள்ளைகள். நான்கு மாத வாடகை பாக்கி. 'எழுதத் தெரிஞ்ச ஆளு' என்று என்னிடம் வந்தார்கள். ஒரு பண்டிங் ஏஜென்சிக்கு புரபோசல் எழுதித் தர வேண்டும். நான்கு இரவுகள் உட்கார்ந்து எழுதினேன். ஆங்கிலத்தில்தான்.

அனுப்புவதற்கு முந்தின நாள், குடியிருப்பில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒரு தொழிலாளி, "எங்களைப் பத்தி என்னதான் எழுதியிருக்கீங்க, படிங்க கேப்போம்" என்றார். தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். படிப்பறிவற்றவர்கள், விழிப்புணர்வற்றவர்கள், அமைப்பாகத் திரளாதவர்கள், குடிக்கு அடிமையானவர்கள். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "ஏன் தம்பி, நாங்க இவ்வளவு ஒண்ணுமில்லாதவங்களா? கூலிப் பாக்கிக்கு மூணு நாள் வண்டி எடுக்காம ஆபீஸ் வாசல்ல உக்காந்தோமே, அது இதுல எங்க வருது?"

"அதையெல்லாம் எழுதினா பணம் வராதுக்கா" என்றேன். பொய்யில்லை. ஆனால் அந்தப் பதிலிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை. இந்தக் குறிப்புகள் அதன் தொடர்ச்சிதான்.

2

தொண்டு நிறுவனங்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பணம் எங்கிருந்து வருகிறது, யார் யார் ஜீப் வாங்கினார்கள், எந்தத் தோழர் எந்த நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தார் என்றெல்லாம். நிதி விண்ணப்பத்தை ஒரு பிரதியாக வைத்து நாம் வாசித்ததில்லை. கவிதையையும் நாவலையும் கட்டுடைக்கிற நாம், ஒரு குடியிருப்பின் தலையெழுத்தையே எழுதிவிடுகிற இந்த வகை எழுத்தை இலக்கியமல்ல என்று ஒதுக்கிவிட்டோம்.

இதற்கு முன்னோடி மனு. கலெக்டருக்கு எழுதப்படும் மனுவிலும் எழுதுபவர் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மனுவில் எதிரி உண்டு. இன்னார் என் நிலத்தை ஆக்கிரமித்தார், இன்ன அதிகாரி கூலியைத் தரவில்லை என்று பெயரோடு இருக்கும். நிதி விண்ணப்பத்தில் துன்பம் இருக்கும், துன்பத்துக்குக் காரணமானவர் இருக்கமாட்டார். வறுமை மழை மாதிரி தானாகப் பெய்கிறது.

'லாக்ஃபிரேம்' என்ற அட்டவணை பலருக்குத் தெரிந்திருக்கும். 1960களின் இறுதியில் அமெரிக்க அரசின் சர்வதேச உதவி முகமைக்காக உருவாக்கப்பட்டு, பிறகு ஐரோப்பிய நிதி நிறுவனங்கள் பலவும் எடுத்துக்கொண்ட வடிவம். மேலிருந்து கீழாக நான்கு வரிசை: பெருநோக்கம், குறிக்கோள், விளைவுகள், செயல்பாடுகள். பக்கவாட்டில் நான்கு பத்தி: விவரிப்பு, அளவுக் குறியீடு, சரிபார்க்கும் வழி, அனுமானங்கள். மொத்தம் பதினாறு கட்டம். ஒரு ஊரின் வரலாறு இந்தப் பதினாறுக்குள் வந்தாக வேண்டும்.

இந்தக் கதையாடலில் கடைசிப் பத்திதான் என்னை உறுத்துவது. 'அனுமானங்கள்'. அதாவது, நம் கையில் இல்லாத, ஆனால் நல்லபடியாக இருக்குமென்று நாம் நம்புகிற விஷயங்கள். நான் அதில் என்ன எழுதினேன் தெரியுமா? 'நகராட்சி ஒத்துழைப்புத் தரும். அக்கம்பக்கத்துச் சமூகங்கள் எதிர்க்கமாட்டா.' சாதியை நான் ஒளித்து வைத்த இடம் அதுதான். குடியிருப்பு ஏன் ஊருக்கு வெளியே சாக்கடை ஓரமாக இருக்கிறது, அந்த வேலையை ஏன் அவர்கள் மட்டுமே செய்கிறார்கள் என்ற கேள்வி பதினைந்து கட்டத்தில் எதிலும் இல்லை. பதினாறாவதில் அது 'இருக்காது' என்ற அனுமானமாக இருந்தது.

சொற்களையும் பாருங்கள். 'பயனாளி': எதுவும் செய்யாதவர், பெறுபவர் மட்டும். 'இலக்குக் குழு': இலக்கு என்றால் குறிபார்த்து அடிக்கப்படுவது. 'திறன் வளர்ப்பு': ஊர் மொத்தத்தின் கழிவையும் தலையில் சுமந்து அப்புறப்படுத்துகிறவர்களுக்குத் திறன் இல்லையாம். 1990களில் 'பங்கேற்பு' வந்தது. மக்களே கோலப்பொடியால் தரையில் தங்கள் ஊரை வரைந்து காட்டினார்கள். நல்ல விஷயம்தான், நானும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் கோலம் தரையிலிருந்து அறிக்கைக்கு ஏறும்போது யார் கையில் பேனா இருந்தது? இல்லாமையின் மொழியில் திரும்பத் திரும்ப எழுதப்படும் ஒரு குழு, கொஞ்ச நாளில் கூட்டங்களிலும் அதே மொழியில் தன்னைப் பேச ஆரம்பிக்கிறது. பிரதி தன்னிலையைக் கட்டமைக்கிறது என்று நாம் தத்துவமாகச் சொல்வது இங்கே அன்றாடமாக நடக்கிறது.

3

இதைச் சொன்னவுடன் சில தோழர்கள், "அதைத்தானே நாங்க அப்பவே சொன்னோம்" என்பார்கள். 1984இல் பிரகாஷ் காரத் இந்தத் தன்னார்வக் குழுக்களை ஏகாதிபத்தியத் தந்திரத்தின் ஒரு கூறாக வைத்து எழுதிய கட்டுரை இடதுசாரிகளிடையே வெகுகாலம் அடிப்படைப் பிரதியாக இருந்தது. அதில் உண்மை இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த விமர்சனத்தை வேறு யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இன்று பேச முடியும்.

வெளிநாட்டு நிதி ஒழுங்காற்றுச் சட்டம் முதலில் வந்தது 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில். 1982இல் இந்திரா அரசு குதால் கமிஷனை அமைத்துக் காந்தி அமைதி நிறுவனம் உள்ளிட்ட காந்திய அமைப்புகளை விசாரித்தது. ஜெயப்பிரகாஷ் நாராயணனோடு நின்றவர்கள் மீதான பழைய கணக்கு. 2010இல் புதுச்சட்டம். அதன் கீழ் 2011இல் வந்த விதிகளில் மூன்றாவது விதியைப் படித்துப் பாருங்கள். பந்த், ஹர்த்தால், ரஸ்தா ரோக்கோ, ரயில் ரோக்கோ, ஜெயில் பரோ ஆகியவற்றைப் பொதுக் காரியங்களுக்காக வழக்கமாகக் கையாளும் அமைப்பை 'அரசியல் தன்மை கொண்டது' என்று அறிவித்து, வெளிநாட்டு நிதி பெறத் தடுக்கலாம். 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம், கட்சி அரசியலில் ஈடுபடாத அமைப்புகளுக்கு இது பொருந்தாது என்று சுருக்கி வாசித்தது. சரி. ஆனால் அக்கா கேட்ட 'மூணு நாள் வண்டி எடுக்காம உக்காந்தது' ஏன் விண்ணப்பத்தில் வரவில்லை என்பதற்கு விடை பல ஆண்டுகள் கழித்து இந்திய அரசிதழிலேயே அச்சாகியது. பணம் கொடுப்பவரும் அரசும் ஒரே வரியை அடிக்கிறார்கள்.

2012 பிப்ரவரியில் கூடங்குளம் போராட்டத்தின் பின்னால் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஒரு அறிவியல் இதழின் பேட்டியில் சொன்னார். இடிந்தகரைப் பந்தலில் பட்டினி கிடந்த மீனவப் பெண்கள் ஒரே வாக்கியத்தில் காணாமல் போனார்கள். 'அந்நியப் பணம்' என்ற நம்முடைய வார்த்தை போலீஸ் கோப்புக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

2020 செப்டம்பர் திருத்தத்தோடு நிலைமை இன்னும் இறுகியது. நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேட் பாங்க் கிளையில்தான் முதல் கணக்கு இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவது அறவே தடை. புதிதாகப் பதிவு கேட்பவர் மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அதில் 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். ஒற்றை அறைப் படிப்பகம் 15 லட்சத்துக்கு எங்கே போகும்? எங்களுக்கு 1998இல் வந்த பணம், மாவட்டத் தலைநகரிலிருந்த ஒரு பெரிய நிறுவனம் தன் மையங்களில் ஒன்றாக எங்களைச் சேர்த்துக்கொண்டதால் வந்தது. பெரியது வாங்கிச் சிறியதற்குப் பிரித்துக் கொடுக்கிற அந்த ஏற்பாட்டில் ஆயிரம் அவமானம் உண்டு. அது அடைபட்டபோது செத்தது பெரிய நிறுவனமல்ல.

4

அப்படியானால் உள்நாட்டுப் பணம் வந்தால் பிரச்சினை தீர்ந்ததா? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி நிகர மதிப்போ, 1000 கோடி வியாபாரமோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பின்தங்கியோரின் ஏற்றத்தாழ்வைக் குறைத்தல் என்பதும் ஒரு ஓரமாக இருக்கத்தான் செய்கிறது. தேர்வு மட்டும் கம்பெனியுடையது. போட்டோவில் நன்றாக வரும் காரியங்கள் பல உண்டு: கழிப்பறை, ஸ்மார்ட் வகுப்பறை, மரக்கன்று. கூலிப் பாக்கிக்காக உட்காருவதை யார் போட்டோ எடுத்து ஆண்டறிக்கையில் போடுவார்கள்?

எனவே சிக்கல் பணத்தின் தேசியத்தில் இல்லை. கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறது என்பதில் இருக்கிறது. கொடுத்தவருக்குத் தணிக்கை அறிக்கை போகிறது. யார் பேரில் வாங்கப்பட்டதோ அவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடப் போவதில்லை.

5

இனி நம்மைப் பற்றி. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு ஒரு பெருமை உண்டு: நாம் யாரிடமும் கை நீட்டவில்லை, சந்தாவில் நடத்துகிறோம். பதிவு பெற்ற பத்திரிகையின் ஆசிரியரும் பத்தி எழுதுபவரும் கேலிச்சித்திரக்காரரும் வெளிநாட்டு நிதி வாங்கக்கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நாமோ 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அட்டையில் போட்டுக்கொண்டு பதிவுக்கே போகாதவர்கள்!

ஆனால் உண்மையில் நம் சுதந்திரத்துக்கு நிதி தருவது எது? கல்லூரிச் சம்பளம், வங்கிச் சம்பளம், தபால் துறைச் சம்பளம். மாதம் பிறந்தால் வந்துவிடுகிற அந்தப் பணம்தான் நமக்கு இந்தத் தூய்மையைத் தருகிறது. சொற்பச் சம்பளத்துக்குச் சைக்கிள் மிதித்து ஊர் ஊராகப் போகிற களப்பணியாளரிடம், பெரும்பாலும் அந்தக் குடியிருப்பிலேயே முதன்முதலாகப் படித்து வந்த பையனிடம், "ஏகாதிபத்தியக் கைக்கூலி" என்று சொல்ல நமக்கு எவ்வளவு எளிதாக இருந்தது! அவனுக்கு வேறு வேலை கிடைக்காததற்கும் நமக்குக் கிடைத்ததற்கும் நடுவில் சாதி இருக்கிறது என்பதை நாம் அனுமானப் பத்தியில் போட்டுவிட்டோம்.

மாற்று மரபுகள் நம்மிடம் இல்லாமலில்லை. கட்சி உண்டியல் இருக்கிறது. குழந்தைக்குப் பெயர் வைக்கவும் கையெழுத்துப் போடவும் காசு வாங்கி இயக்கத்துக்குச் சேர்த்த பெரியார் இருக்கிறார். பொது அமைப்புக்கு நிரந்தர நிதி சேரக்கூடாது, வருஷா வருஷம் மக்கள் கொடுத்தால்தான் அது ஒழுங்காக நடக்கும் என்று தன் அனுபவத்திலிருந்து எழுதிய காந்தியும் இருக்கிறார். இவர்களுக்குள் வேறு எந்த ஒற்றுமையும் இல்லாவிட்டாலும் இதில் உண்டு. ஆனால் உண்டியலைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். யார் வீட்டு வாசலில் யார் உண்டியலோடு போய் நிற்க முடியும்? சேரிப் பிள்ளைகள் படிப்பகத்துக்கென்று கடைவீதியில் வசூலுக்குப் போன இரண்டு நாளில் எங்களுக்குக் கிடைத்தது 87 ரூபாயும் நிறைய அறிவுரையும்தான். விண்ணப்பத்துக்குப் போனது அதற்கப்புறம்தான்.

6

பணம் வந்தது. மூன்று வருஷம். பெஞ்சு, மின்விசிறி, இரண்டு ஆசிரியருக்குச் சம்பளம். பிறகு 'நிலைத்த தன்மைக்கு என்ன ஏற்பாடு?' என்று கேட்டுவிட்டு நின்றது. அந்தப் படிப்பகத்தில் படித்து ஆறு பேர் கல்லூரிக்குப் போனார்கள். இதை மறைத்துவிட்டு நான் விமர்சனம் எழுதினால் அது அயோக்கியத்தனம். அந்த மூன்று வருஷத்தில் குடியிருப்பில் ஒரு தடவைகூட வேலைநிறுத்தப் பேச்சு எழவில்லை என்பதையும் மறைக்க முடியாது. மாலைநேரம் முழுக்க அறிக்கைக்கு வருகைப் பதிவேடு எழுதுவதில் போயிற்று.

வாங்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. வாங்குகிறவர்கள் சிலவற்றைச் செய்யலாம் என்று மட்டும் தோன்றுகிறது. விண்ணப்பம் யாரைப் பற்றியதோ அவர்கள் முன்னால், அவர்கள் மொழியில், அனுப்புவதற்கு முன் முழுசாகப் படிக்கப்பட வேண்டும். அவர்கள் அடிக்கச் சொல்கிற வரியை அடிக்க வேண்டும். வரவு செலவு அறைச் சுவரில் எழுதப்பட வேண்டும், ஊழியர் சம்பளம் உட்பட. சங்கம் வேறு, படிப்பகம் வேறு என்று இருக்க வேண்டும். பணம் படிப்பகத்துக்கு மட்டும்தான், சங்கத்துக்கு ஒரு பைசா கூடாது. பணம் நின்றால் எது நிற்கும், எது நிற்காது என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

ஏஜென்சி போன பிறகு அக்காவும் இன்னும் பதினாலு பெண்களும் மாதம் பத்து ரூபாய் போட்டு அந்த அறையைக் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். ஒரு டியூப்லைட்தான் எரிந்தது. அவர்களுடைய கணக்கு நோட்டில் முதல் பக்கத்தில், படிக்கிற ஒரு பெண்ணை விட்டு அக்கா எழுத வைத்திருந்தது: எந்த வருஷம், எத்தனை நாள், எதற்காக வண்டி எடுக்காமல் உட்கார்ந்தார்கள் என்பது. அதன் கீழேதான் ரூபாய்க் கணக்கு ஆரம்பித்தது.

தோழர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து மறுத்தோ சேர்த்தோ எழுத வேண்டுகிறேன். குறிப்பாக, சம்பளம் வாங்கி அந்த வேலையைச் செய்தவர்கள் எழுத வேண்டும்.