இரண்டு படத்திலும் ஒரே சட்டை

மன்னார்புரம் பஸ் ஸ்டாப்பில் போன மாசம் ஒருத்தர் கையில் ஒரு பிட் நோட்டீஸைத் திணித்துவிட்டுப் போனார். வழவழப்பான தாள், ரெண்டு பக்கமும் கலர் பிரிண்ட். ஆட்டிசத்தை முழுமையாக மாற்றலாம் என்று தலைப்பு. கொடுத்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே வாசகங்களை வேறு வேறு முகவரியோடு சென்னையிலும் கோவையிலும் பார்த்திருக்கேன். ஒரு தனி ஆளை விட அந்த வாசகங்கள்தான் எனக்கு இப்போ முக்கியம்.

வீட்டுக்கு வந்து மேசையில் போட்டேன். சித்தியும் சித்தி பையனும் வந்திருந்தார்கள். அவனுக்கு 22 வயசு, நாலு வயசில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். நோட்டீஸை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "அண்ணே, ரெண்டு போட்டோலயும் ஒரே சட்டை. மூணாவது பட்டன் ரெண்டுலயும் இல்ல. ஆறு மாசம் கழிச்சுன்னு போட்டிருக்கு" என்றான்.

எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. 'சிகிச்சைக்கு முன்' படத்தில் ஒரு குழந்தை குனிந்து தரையைப் பார்க்கிறது. 'சிகிச்சைக்குப் பின்' படத்தில் அதே குழந்தை, அதே சட்டையோடு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது. நான் அதற்குள் மூணு தடவை படித்திருந்தேன், கண்ணில் படவில்லை. நம்ம அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலக சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்று ஒரு பெயர் உண்டு. புற உலகத்தை அன்னைக்கு யார் ஒழுங்காப் பார்த்தது என்று நீங்களே சொல்லுங்க.

இப்போ நோட்டீஸை ஒரு பிரதியாக எடுத்துப் படிப்போம். 'தொண்ணூறு சதவீத முன்னேற்றம்' என்கிறது. எதில், யார் அளந்தது, எதோடு ஒப்பிட்டு? ஒன்றும் இல்லை. இந்த மூன்றாவது கேள்விதான் கழுத்தைப் பிடிக்கிற கேள்வி. ஆட்டிசம் உள்ள குழந்தையும் வளரும். நாலு வயசில் பேசாத பிள்ளை ஆறு வயசில் பத்து வார்த்தை பேசலாம். நடுவில் ஸ்பீச் தெரபிக்குப் போயிருக்கும், ஸ்கூலில் சேர்ந்திருக்கும், பாட்டி ஊரிலிருந்து வந்து கூடவே இருந்திருப்பாள். அந்த ரெண்டு வருஷத்துக்குள் எவன் ஊசி போட்டானோ அவன் பெயரில் பத்து வார்த்தையும் வரவாகிவிடும்.

இது சும்மா சந்தேகம் இல்லை. செக்ரிட்டின் கதை இதற்கு நல்ல உதாரணம். அது ஜீரணத்துக்கு உதவும் ஒரு ஹார்மோன். 1998 வாக்கில், அதை ஏற்றின பிறகு சில ஆட்டிசக் குழந்தைகளிடம் பெரிய மாற்றம் வந்தது என்று செய்தி பரவி, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதைத் தேடி அலைந்தன. 1999 டிசம்பரில் நியூ இங்கிலாண்ட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 60 குழந்தைகள். பாதிப் பேருக்கு செக்ரிட்டின், மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதைப் போட்டது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு பிரிவிலும் முன்னேற்றம் தெரிந்தது, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எனக்கு அதில் மறக்க முடியாதது அடுத்த தகவல். முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர், 'எங்கள் குழந்தைக்கு இந்த மருந்தில் இன்னும் ஆர்வம் இருக்கிறது' என்றார்கள்.

அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தி முகம்தான் ஞாபகம் வந்தது.

இப்போது நம்ம பக்கத்தில் ஓடுவது ஸ்டெம் செல். இடுப்பெலும்பில் ஊசியிட்டு மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து செல்களைப் பிரித்து, முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள திரவத்தில் செலுத்துவார்கள். குழந்தைக்கு மயக்க மருந்து, பெற்றோருக்கு லட்சக்கணக்கில் பில். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்கள், இரத்த நோய்கள் சிலவற்றுக்கான மாற்று சிகிச்சை தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லின. தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் ஆட்டிசத்துக்கு அது கூடாது, கொடுப்பதும் விளம்பரம் செய்வதும் தொழில்முறை ஒழுங்கீனம் என்றது. மும்பையின் யஷ் சாரிட்டபிள் டிரஸ்ட் தொடுத்த வழக்கில், 2026 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றமும் அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இதைச் சிகிச்சை என்று கொடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம் 180 குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தை வைத்து நடத்திய ஆய்வு 2020இல் வந்தது. அவர்கள் முதன்மையாக அளக்க நினைத்த சமூகத் திறனில் கணிசமான மாற்றம் இல்லை. அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள். நோட்டீஸ் அடிக்கிறவர்கள் 'வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு நடக்கிறது' என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, இதெல்லாம் மருத்துவர்களின் வாதம். ஆட்டிசம் உள்ளவர்கள் வைக்கிற விமர்சனம் இதிலிருந்து வேறு. 1993இல் டொராண்டோ மாநாட்டில் ஜிம் சிங்க்ளேர் பெற்றோரைப் பார்த்தே பேசினார். ஆட்டிசம் ஒருவரைச் சுற்றி மூடின ஓடு இல்லை, அதை உடைத்தால் உள்ளேயிருந்து 'சாதாரண' குழந்தை வராது என்பது அவர் வாதத்தின் சாரம். இதைக் கேட்டதும் நம் ஆட்கள், "அதெல்லாம் பேசத் தெரிஞ்சவங்க சொல்றது. என் பிள்ளை தலையைச் சுவத்துல முட்டிக்கிறான்" என்பார்கள். நியாயமான பதில்தான், இதை ஒதுக்கிவிட்டு எழுதுகிற கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் தலையை முட்டுகிற பிள்ளைக்குப் பல் வலியா, மலச்சிக்கலா, தூக்கமில்லையா, வலிப்பு இருக்கா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாம் ஆட்டிசத்தோடு அடிக்கடி வருபவை, எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. பேச்சு வராத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்கக் கற்றுக்கொடுக்கலாம். 'மாற்றுகிறோம்' என்கிற கடைகள் இதில் நேரம் செலவழிப்பதில்லை. வலி எங்கே என்று கேட்க ஆரம்பித்தால் பேக்கேஜ் விற்காது.

சித்தி வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஏழு வயசாக இருக்கும்போது அழுத்த ஆக்சிஜன் கூண்டில் உட்கார வைக்கிற சிகிச்சைக்குக் கூட்டிப்போனார்கள். எந்த இடம் என்று வேண்டாம். 40 சிட்டிங், சித்தியின் ரெண்டு வளையல் அடகுக்குப் போனது. ஆட்டிசத்துக்கு இதற்கு அனுமதி இல்லை, ஏமாறாதீர்கள் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2013இல் மக்களை எச்சரித்தது. சித்திக்கு அதை யார் சொல்வார்? அங்கே ஒவ்வொரு நாளும் ஒரு ஷீட்டில் குறிப்பு எழுதுவார்கள். அந்த ஃபைல் இன்னும் பீரோவில் இருக்கிறது, நான் முழுக்கப் படித்திருக்கேன். பதினோராவது நாள்: 'ஒலிக்கு எதிர்வினை கூடியுள்ளது. கைகளைக் காதில் வைக்கிறான். நல்ல முன்னேற்றம்.'

அந்த வரியை அன்னைக்கு அவனிடம் வாசித்துக் காட்டினேன். அவன் மெனக்கெட்டு யோசிக்கக்கூட இல்லை. "காது வலிச்சுது" என்றான்.

கூண்டில் அழுத்தம் ஏறும்போது காது வலிப்பது எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு. பேச்சு வராத பையன் தன்னால் முடிந்த ஒரே வழியில் சொன்னான். அதை முன்னேற்றக் கணக்கில் எழுதி, பில்லோடு இணைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இந்தச் சிகிச்சைகளை நம்ப மறுப்பதற்கு ஆய்வுக் கட்டுரைகள் தேவையே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் அந்த ஷீட்டின் மறுபக்கத்தில் இருந்தவர்கள். 'கண்ணைப் பார்த்துப் பேசுகிறான்' என்று டிக் அடிக்கப்படுகிற பயிற்சிகளைப் பற்றியும் அவர்கள் சொல்வது இதுவேதான்: பார்க்கக் கற்றுக்கொண்டோம், பார்க்கும்போது எதிராளி சொல்வது காதில் ஏறவில்லை.

பெற்றோரைத் திட்டி எழுதுவது சுலபம். நோட்டீஸின் கடைசி வரி, 'உங்களுக்குப் பிறகு உங்கள் குழந்தை?' என்பது. அந்த ஒரு வரியை எழுதினவன் கெட்டிக்காரன். மொத்த வியாபாரமும் அந்தப் பயத்தில்தான் நடக்கிறது. உண்மையில் அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய இடம் கலெக்டர் ஆபீஸ். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க முடியும். அதே அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. இதை யாரும் வழவழப்பான தாளில் அடித்து மன்னார்புரத்தில் கொடுப்பதில்லை. சித்திக்கே போன வாரம்தான் தெரியும்.

மனு எழுத உட்கார்ந்தோம். பாதுகாவலர் என்ற இடத்தில் யார் பெயர் என்று கேட்டேன். சித்தி அவனைப் பார்த்தார், அவன் என்னைப் பார்த்தான். "அண்ணன் பேரு போடு, ஆனா என் ரூமை மாத்தக் கூடாது" என்றான். சித்தி நோட்டீஸை மடித்து அந்தப் பழைய ஃபைலிலேயே சொருகி வைத்தார்.