மழித்த தலையும் மறுத்த குரலும்

விற்காத நூல் வீண் நூல். விலைபோகாத பாட்டு வெறும் பாட்டு. இப்படித் தீர்ப்பெழுதும் அங்காடி நீதிபதிகள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் கையில் தராசு உண்டு. அதில் காசுக்கு எடை உண்டு, கருத்துக்கு எடை இல்லை. 1966-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் வெளிவந்த ஓர் இசைத்தட்டை அந்தத் தராசில் நிறுத்தார்கள், ஒதுக்கித் தள்ளினார்கள். முப்பது ஆண்டுகள் உருண்டபின், அதே தட்டைத் தேடியெடுத்துத் தலைமேல் தாங்கிக் கூத்தாடினார்கள். தள்ளியதும் ஆராயாமல், தாங்கியதும் ஆராயாமல்! எனவே அத்தட்டை எடுத்து, தட்டிப் பார்த்து, தரம் காண முற்படுகிறோம்.

தட்டின் பெயர் 'பிளாக் மங்க் டைம்'. 'கறுப்புத் துறவியின் காலம்' என்று பொருள்கொள்ளலாம். படைத்தவர்கள், 'மங்க்ஸ்', அதாவது துறவிகள், என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்ட ஐவர். கேரி பர்கர் பாடினார், கிதாரும் இசைத்தார். லாரி கிளார்க் ஆர்கன் வாசித்தார். டேவ் டே பாஞ்சோ மீட்டினார். எடி ஷா பேஸ் கிதாரை ஏந்தினார். ராஜர் ஜான்ஸ்டன் டிரம் முழக்கினார். ஐவரும் அமெரிக்கர், ஐவரும் அமெரிக்கப் படையினராக ஜெர்மன் மண்ணில் கால் வைத்தவர்கள். 1964-இல் கெல்ன்ஹௌசன் நகரில், பிறர் பாட்டைப் பாடிப் பொழுதுபோக்கும் சிறு குழுவாகத் தொடங்கினர். படைப்பணி முடிந்ததும் தாயகம் திரும்பாமல், அந்நாட்டு இரவு விடுதிகளில் பாடிப் பிழைத்தனர். பீட்டில்ஸ் குழுவினர் முன்னர்ப் பாடிப் பயின்ற ஹாம்பர்க் நகரத்து 'டாப் டென்' விடுதியிலும் இவர்கள் குரல் ஒலித்தது.

இவர்களுடைய இசையை 'கராஜ் ராக்' என்னும் வகையில் சேர்ப்பர். வீட்டோரத்துக் கார்க் கொட்டகையில், குருவும் இன்றிக் கொடையாளரும் இன்றி, இளைஞர் நால்வர் ஐவர் கூடி முழக்கிய இசைக்குப் பின்னாளில் ஏற்பட்ட பெயர் அது. நயம் குறைவு, நாடித் துடிப்பு மிகுதி. பயிற்சி குறைவு, பதற்றம் மிகுதி. பட்டுக் கம்பளத்தில் நடக்கும் இசையன்று. கட்டாந்தரையில் கால் உதைக்கும் இசை!

ஆனால் இந்த ஐவர் கொட்டகை இசையோடு நின்றாரில்லை. அழகு என்று உலகம் போற்றியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தனர். டேவ் டே தம் கிதாரைக் கீழே வைத்துவிட்டு, ஆறு நரம்பு பூட்டிய பாஞ்சோவை எடுத்தார். அதற்கு ஒலிவாங்கி பொருத்தி, இசைக்கருவியைத் தாளக்கருவி ஆக்கினார். ஜான்ஸ்டன் தகதகக்கும் தாளத்தட்டுகளைக் குறைத்து, அடித்தொனி முழங்கும் பெரிய டிரம்மையே நம்பினார். பாட்டின் வரிகளோ தந்தி வாசகம்போல் சுருங்கின. சொன்னதையே சொல்லி, சுத்தியல்கொண்டு ஆணி அறைவதுபோல் அறைந்தனர்.

கூட்டமேடையில் ஒலிபெருக்கி திடீரென ஊளையிடுவதை அறியாத தோழர் நம்மில் உண்டோ? ஒலிவாங்கி பெற்ற ஒலி, பெருக்கியின் வழியே வெளிவந்து, மீண்டும் ஒலிவாங்கிக்குள் நுழைந்து, சுற்றிச் சுற்றி வளர்வதால் எழும் ஓசை அது. பேச்சாளர் முகம் சுளிப்பார். ஒலிபெருக்கிக்காரர் ஓடி வருவார். ஒருநாள் ஒத்திகையின்போது பர்கரின் கிதார் பெருக்கியின் அருகே இருந்து அவ்விதம் அலறிற்று. இவர்கள் ஓடிச்சென்று அடக்கினாரில்லை. அலறலோடு டிரம் சேர்ந்தது, இடையூறு இசையாயிற்று. பிழை என்று பிறர் அஞ்சிய ஒன்றைப் பயன்படுத்தத் துணிந்தது தற்செயலின் வேலையன்று. தேர்ந்தெடுக்கும் அறிவின் வேலை.

1965 நவம்பரில், கொலோன் நகரில், ஜிம்மி போவியன் என்பாரின் மேற்பார்வையில் பன்னிரண்டு பாடல்கள் பதிவாயின. பாலிடார் நிறுவனம் அவற்றைத் தட்டாக வெளியிட்டது. உறை கறுப்பு. ஆடை கறுப்பு. கழுத்திலே தூக்குக் கயிறுபோல் ஒரு கயிறு. தலையின் உச்சியிலே, கிறித்தவத் துறவிகள்போல் வட்டமாக மழித்த வழுக்கை!

இங்கேதான் ஓர் எதிர்வாதம் எழுகிறது. "இக்கோலம் இவர்கள் உள்ளத்தில் முளைத்ததா? வால்டர் நீமன், கார்ல் ரெமி என்னும் இரு ஜெர்மானிய மேலாளர்கள் வகுத்துக் கொடுத்த வேடம் அன்றோ? அவர்கள் விளம்பர வடிவமைப்பில் தேர்ந்தவர்கள் அன்றோ? சோப்புக் கட்டிக்கு உறை தைப்பதுபோல் புரட்சிக்கும் உறை தைத்தார்கள். இதில் உண்மை எங்கே?" என்று கேட்பர்.

கேட்கத்தக்க கேள்விதான். வேடம் வகுத்ததில் மேலாளர்க்குப் பெரும்பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின், உறையைக் கண்டதும் உள்ளிருப்பதை உதறிவிடுவது ஆராய்ச்சி ஆகாது. நாடகக்காரன் அணியும் அரச முடி அட்டையால் ஆனது. அவன் பேசும் உரை உண்மையாக இருக்கக் கூடாதா? 'இது வேடம்' என்று அறிவித்து அணியும் உடை எவரையும் ஏமாற்றுவதில்லை. 'இது புனிதம்' என்று கூறி அணியும் உடையன்றோ ஏமாற்றும்! அவ்வுடையைக் கண்டு, சமயத்தைக் கேலி செய்கிறார்கள் என்று சினந்தோரும் உண்டு. துணியும் மயிரும் மாறினால் மதிப்பு மாறிவிடும் என்ற நம்பிக்கையின்மேல் அந்த ஐந்து மழித்த தலைகளும் கல்லெறிந்தன.

உள்ளிருப்பது யாது? முதற்பாட்டாகிய 'மங்க் டைம்' படையின்மீது வெறுப்பை உமிழ்கிறது, வியத்நாமிலே பிள்ளைகள் மாள்வதேன் என்று கேட்கிறது, அணுகுண்டை மறுக்கிறது. 'கம்ப்ளிகேஷன்' என்னும் பாட்டு, கொல்வோரையும் சாவோரையும் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டுகிறது. காலத்தை எண்ணிப் பாருங்கள்! 1965 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படை வீரர் தானாங் கரையில் இறங்கினர். அவ்வாண்டு இறுதிக்குள் வியத்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 1,84,000 பேர். அந்த ஆண்டிலே, அந்தப் படையின் உடையை அணிந்து கழற்றியவர்களே, 'ஏன்?' என்று கேட்டார்கள். சாய்வு நாற்காலியில் சாய்ந்து கேட்ட கேள்வியன்று. அணிவகுப்பில் நின்ற கால்கள் கேட்ட கேள்வி. இதை எந்த விளம்பரக்காரன் தைத்துக் கொடுக்க முடியும்?

புகழ்ந்துவிட்டோம் என்பதற்காகக் குறையை மறைப்பது நம் வழக்கமன்று. தட்டில் ஒரு பாட்டு. 'பாய்ஸ் ஆர் பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் ஆர் சாய்ஸ்' என்பது அதன் பெயர். ஆண் ஆணாகவே இருப்பானாம். பெண்ணோ பொறுக்கியெடுக்கும் பண்டமாம்! 'ஐ ஹேட் யூ' என்னும் பாட்டு, காதல் பாட்டின் போலித்தேனைப் புளிக்க வைத்த அளவில் புதுமைதான். எனினும் அங்கும் பேசுவது ஆணின் சினமே, பெண்ணின் மறுமொழி இல்லை. படைத்தலைவனை நோக்கி 'ஏன்?' என்று கேட்ட நாக்கு, தன்னை நோக்கிக் கேட்கவில்லை. விளையாட்டுப் பாட்டுக்கு இத்தனை வினாவா என்பீர்கள். விளையாட்டிலேதான் வழக்கம் ஒளிந்து வாழ்கிறது. ஆதலின் அங்கேயும் விளக்கேற்ற வேண்டும்.

இனி, வரவேற்பு. தட்டு விற்கவில்லை. ஜெர்மன் தொலைக்காட்சியில் தோன்றினர்; விடுதி விடுதியாகப் பாடினர்; இளைஞர் சிலர் திகைத்தனர், சிலர் ஆடினர், பலர் விலகினர். அவர்களுடைய சொந்த நாடாகிய அமெரிக்காவில் அன்று அத்தட்டு வெளியிடப்படவே இல்லை. அடுத்து வந்த சிறுதட்டுகளில் குரலை மென்மையாக்கிப் பார்த்தனர், அதுவும் கைகொடுக்கவில்லை. ஆசியச் சுற்றுப்பயணம் திட்டமிடப்பட்டது. நடவாமலே 1967-இல் குழு கலைந்தது.

விதை மட்டும் மண்ணுக்குள் இருந்தது. 1990-இல் 'தி ஃபால்' என்னும் ஆங்கிலேயக் குழு இவர்களுடைய பாட்டைத் தன் தட்டில் எடுத்தாண்டது. 1997-இல் அமெரிக்காவில் குறுந்தட்டு வந்தது. 1999-இல் நியூயார்க் மேடையில் மீண்டும் கூடினர். 2006-இல் இவர்களைப் பற்றி ஆவணப்படம் ஒன்று வெளிவந்தது. ஜான்ஸ்டன் 2004-இல் மறைந்தார். டேவ் டே 2008-இல் மறைந்தார். மினசோட்டாவின் டர்ட்டில் ரிவர் என்னும் சிற்றூருக்கு மேயராகவும் இருந்த பர்கர் 2014-இல் மறைந்தார்.

இன்று இத்தட்டை 'கல்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லால் போற்றுகின்றனர். வழிபாட்டுக் கூட்டத்தைக் குறிக்கும் சொல் அது! துறவிக் கோலத்தைக் கேலியாக அணிந்தவர்களுக்கே கோயில் கட்டும் வேடிக்கையைப் பாருங்கள். அன்று கேளாமல் தள்ளினார்கள். இன்று கேளாமலே கும்பிடுகிறார்கள். அதிலும் ஒரு வாணிபம் நடக்கிறது: அரிதான பழைய தட்டுக்குப் பெருவிலை, அதன் கேள்விக்கு மட்டும் விலையே இல்லை!

தோழர்களே! காலம் சிறந்த நடுவர் என்பர். காலம் தானாக எதையும் தீர்ப்பளிப்பதில்லை; கேட்கும் காதும் எடைபோடும் அறிவும் இருந்தால்தான் அது தீர்ப்பாகும். இந்தத் தட்டு ஏறத்தாழ அரைமணி நேரமே ஓடும். கேளுங்கள். இரைச்சல் என்று தோன்றினால், எந்த இரைச்சல் பெரிது, கிதாரின் இரைச்சலா குண்டின் இரைச்சலா என்று எண்ணுங்கள். பெண்ணை இழித்த இடத்தில் முகம் சுளியுங்கள். போரை மறுத்த இடத்தில் கை தட்டுங்கள். முழுதும் ஏற்கவும் வேண்டாம், முழுதும் எறியவும் வேண்டாம். கொள்வதைக் கொண்டு தள்ளுவதைத் தள்ளுவதே கலைக்கு நாம் காட்டும் மரியாதை!