கடன் வாங்கிய பல்லவி

யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 2006இல் கொண்டுவந்த ‘வல்லவன்’ இசைத்தட்டு என்றதும் பலருக்கு நினைவு வருவது ஒரே பாட்டுதான்: ‘மடை திறந்து’. மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழ்நாட்டுக் காதுகளில் கொண்டுபோய்ச் சேர்த்த பாட்டு. அதன் பல்லவியோ 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு.

சோம்பேறித்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. படத்தில் அது வாய்ப்புக்கு அலையும் ஓர் இளம் இசைக்கலைஞனின் கனவு. இளையராஜாவே திரையில் வந்துபோவார். கோலாலம்பூரில் மேடை தேடிய பையன்கள் கைவைக்க அதைவிடப் பொருத்தமான பாட்டு இல்லை. பழைய மெட்டு ஓயும் இடத்தில் ராப் பாய்ந்து புகுகிறது. எதுகையும் மோனையும் மூச்சுவிடாமல் அடுக்கி வருகின்றன. ராப் என்றாலே வெறும் கூச்சல் என்று நினைத்த பெற்றோருக்கு அந்த மெட்டு ஜாமீன் நின்றது. 1979இல் ‘தெரிமா காசே’ என்ற முதல் ஆல்பத்தோடு எழுந்த மலேசிய இசைக்குழு ஆலிகேட்ஸின் ஆறுமுகம் சகோதரர்கள், டேவிட்டும் லோகநாதனும், மலாயில் பாடித்தான் நாடறிந்தவர்கள் ஆனார்கள். யோகி பி கூட்டமோ தமிழிலேயே ஏறினார்கள். சின்ன விஷயமல்ல.

ஆனால் ஜாமீன் நின்றவர் பெயரே கடைசியில் பெரிதாகிவிட்டது, நம் ஊர்க் குரல் அமுங்கிப்போனது. பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையிலோ கிள்ளான் பஸ்ஸிலோ நம் பிள்ளைகள் பேசும் தமிழில் மலாய் தானாக வந்து விழும். ‘மடை திறந்து’ பாட்டில் ஆங்கிலம் கேட்கிறது, அந்த மலாய் வாடை எனக்குக் கேட்கவில்லை. இத்தனைக்கும் 1998இல் பொயட்டிக் அம்மோ குழுவில் இதே யோகி பி பல மொழிகளை ஒரே ஆல்பத்தில் கலந்தவர். அதில் கோலாலம்பூர் கூடுதலாகவே இருந்தது.

சென்னையும் தனக்கு வசதியான பாடத்தையே படித்துக்கொண்டது. 2007இல் ‘பொல்லாதவன்’ படத்துக்கு யோகி பியை அழைத்தது, ‘எங்கேயும் எப்போதும்’ ரீமிக்ஸுக்கு. அதுவும் சிங்கப்பூர் போகும் ஓர் இசைக்குழுவின் கதையான ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துப் பாட்டு! பழைய பாட்டுக்குப் புது மசாலா தூவ மலேசியாவில் ஆள் இருக்கிறார் என்ற கணக்கு.

2011இல் ‘ஆடுகளம்’ படத்தில் யோகி பி பாடிய ‘போர்க்களம்’ வந்தது. அதில் சாய்ந்துகொள்ளப் பழைய மெட்டு எதுவும் இல்லை. கரகரத்த அந்தக் குரல் தன் காலில் நிற்கிறது. என் கணக்கில் ‘மடை திறந்து’வைவிட அதுவே நல்ல ராப். அதை அவர் 2006இலேயே பாடியிருந்தால் சென்னை திரும்பிப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம்தான்.