5,250 டாலருக்கு மேலே

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்காக அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் 1978-இல் சேர்ந்தது 127-ஆம் பிரிவு. ஊழியரின் படிப்புக்கு நிறுவனம் கொடுக்கும் பணத்தில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அவருடைய வருமானமாகக் கணக்கில் வராது. பார்க்கும் வேலைக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. கடையில் பில் போடுபவர் வரலாறு படிக்கலாம். மேலதிகாரிகளுக்கு மட்டும் என்று திட்டம் போட்டால் சலுகை கிடையாது. ‘படிப்பு வேண்டாம், பணமாகக் கொடுங்கள்’ என்று கேட்கும் வழியையும் அடைத்திருக்கிறார்கள். வரிச்சலுகைகளில் இவ்வளவு கவனமாக எழுதியவை குறைவு.

கோளாறு, 132-ஆம் பிரிவையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் புலப்படும். இப்போது பார்க்கும் வேலையில் திறமையைக் கூட்டும் படிப்பென்றால், அந்தப் பிரிவில் உச்சவரம்பே இல்லை. படிப்பு ஒருவரைப் புதிய தொழிலுக்குத் தகுதியாக்கினாலோ, அங்கே இடமில்லை.

மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றும் உதவியாளர் ஒருவர் நர்சிங் படிக்கிறார். நிர்வாகம் ஆண்டுக்கு 8,000 டாலர் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரம்புக்கு மேற்பட்ட 2,750 டாலர் அவருக்குச் சம்பளமாகிவிடும். வருமான வரி 12 சதவீதம், சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் 7.65 சதவீதம் என்றால், கண்ணால் பார்க்காத பணத்துக்குச் சுமார் 540 டாலர் பிடித்தம். அதே மருத்துவமனையின் மேலாளர் எம்.பி.ஏ. சேர, நிர்வாகம் 25,000 டாலர் கட்டினாலும், செய்யும் வேலைக்கே அது உதவுகிறது என்று காட்டிவிட்டால் வரி ஒரு பைசா இல்லை. மேலே போக நினைப்பவருக்கு வரம்பு, ஏற்கெனவே மேலே இருப்பவருக்கு விலக்கு.

எது புதிய தொழில் என்பதும் வழக்குக்கு வழக்கு வாதாட வேண்டிய விஷயம். சொந்தக் காசில் படித்தவர் அந்தச் செலவை வருமானத்தில் கழிக்கவும் இதே கேள்விதான். மருத்துவமனையில் தர மேற்பார்வை பார்த்த ஒரு நர்ஸ், தன் எம்.பி.ஏ. செலவைக் கழித்துக்கொள்ளும் உரிமையை 2009-இல் வரி நீதிமன்றத்தில், வக்கீல் வைக்காமலே வாதாடி வாங்கினார். (சொந்தக் காசில் படிக்கும் ஊழியருக்கு 2018 முதல் அந்தக் கழிவும் போய்விட்டது.)

5,250 என்பது 1986-இல் வைத்த எண். விலைவாசியோடு ஏறியிருந்தால் இன்று 15,000 டாலரை ஒட்டி இருக்கும். 2026-க்குப் பின் தொடங்கும் ஆண்டுகளில் விலைவாசிக்கேற்ப உயர்த்த 2025-இன் சட்டம் வழி செய்கிறது. ஆனால் ஏற்றம் பழைய 5,250-இலிருந்தே தொடங்குகிறது. இடையில் கரைந்த மதிப்பு திரும்பி வராது.

எல்லோருக்கும் வரம்பை மூன்று மடங்காக்கினால் அரசுக்கு இழப்பு பெரிது என்பார்கள். நியாயம்தான். குறைந்த சம்பளக்காரருக்கு மட்டும் ‘புதிய தொழில்’ தடையை நீக்கலாமே. உயர் ஊதியக்காரர் யார் என்ற வரையறை சட்டத்திலேயே இருப்பதால், அதற்குப் புதிதாக அளவுகோல் தேடவும் வேண்டாம்.