முதுமையில் எடுத்த பேனா: பேராக் தோட்டப் பெண்களின் வாழ்க்கைக் கதைகள்

மலேசியத் தமிழ் இலக்கியம் பற்றிப் பேசும் மேடைகளில் ஒரு கருத்து இப்போது செல்வாக்கோடு உலவுகிறது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்கு எழுத்தில் குரல் கிடைத்ததே ஆங்கில நாவல்களால்தான் என்கிறார்கள். தமிழில் அவள் அழுதுகொண்டிருந்தாள், அவளுக்காக ஆண்கள் எழுதினார்கள், அவளாக வாய் திறக்கவில்லை என்பது அவர்கள் வாதம். ஆண்கள் எழுதியதைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. மற்றபடி இது தவறு. பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்து, முதுமையில் பேனா எடுத்த முத்தம்மாள் பழனிசாமியை இந்த வாதம் பார்க்கவே இல்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பழைய கதையை விரைவாகக் கடந்துவிடலாம். 1917இல் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன்’ தொடங்கி, இந்நாட்டுத் தமிழ்ப் புனைவு தோட்டத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கவே நெடுங்காலம் ஆனது. 1950இல் ‘தமிழ் நேசன்’ நடத்திய கதை வகுப்பு புதிய எழுத்தாளர்களை உருவாக்கியது. பெண்களும் எழுத வந்தார்கள். அன்னலட்சுமி மயில்வாகனம், பாவை, ந. மகேசுவரி, க. பாக்கியம், நிர்மலா ராகவன், நிர்மலா பெருமாள் என்று பட்டியல் நீளும். அவர்கள் பெரும்பாலும் சிறுகதையில் நின்றார்கள். குடும்பமும் திருமணமும் அவர்களின் முதன்மைக் களம். தோட்டத்தை எழுதிய பேர்பெற்ற நாவல்கள் ஆண்களுடையவை. குமரனின் ‘செம்மண்ணும் நீல மலர்களும்’ நேர்மையான படைப்பு. அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்து எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ அன்போடு எழுதப்பட்டதுதான், ஆனால் விருந்தாளியின் அன்பு. ஜப்பான்காரன் காலத்தை ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயி’லிலும் அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்ன’த்திலும் எழுதினார்கள்; இரண்டும் நமக்கு வேண்டிய நூல்கள். ஆனால் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவனின் பின்னால்தான் நம் கவனம் போயிற்று. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றி, அவன் திரும்பாத பிறகு முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவளின் நாவல் இன்னும் வரவில்லை.

பேராக்கில் இது கூடுதலாகவே உறுத்துகிறது. மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகள் 1877இல் வேரூன்றிய இடங்களில் ஒன்று கோலகங்சார். அவசரகாலத்துக்குக் காரணமான கொலைகள் 1948 ஜூனில் நடந்தது சுங்கை சிப்புட் தோட்டங்களில். தோட்டத் தொழிலாளிகள் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டு நிலம் வாங்கலாம் என்று கூட்டுறவுச் சங்கம் கண்ட துன் சம்பந்தனும் சுங்கை சிப்புட்காரர்தான். இத்தனை வரலாறு நடந்த மண்ணில் பெண்ணின் வாழ்க்கைக் கதை என்று கேட்டால் உடனே கிடைப்பவை இரண்டு. இரண்டும் ஆங்கிலத்தில்.

ஒன்று சிபில் கார்த்திகேசுவுடையது. ஈப்போவில் கணவர் டாக்டர் கார்த்திகேசுவோடு மருத்துவமனை நடத்தியவர். போர் வந்ததும் பாப்பான் சிற்றூருக்குப் போய், காட்டிலிருந்து இறங்கிவந்த போராளிகளுக்கு மருந்து கட்டியவர். 1943இல் ஜப்பானியரிடம் பிடிபட்டு, கொடிய சித்திரவதையை அனுபவித்து, உடல் தேறாமலேயே 1948இல் ஸ்காட்லாந்தில் காலமானார். அவருடைய நினைவுநூல் 1954இல் வந்தது. வீரம் செறிந்த நூல். ஆனால் அவர் இறந்தது 48 வயதில். முதுமை அவருக்கு வாய்க்கவே இல்லை.

இன்னொன்று ராசம்மா பூபாலனுடையது. 1927இல் பிறந்தவர், ஈப்போவிலிருந்து பதின்ம வயதில், இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குப் போனவர். 1960இல் ஆசிரியைகளுக்கென்று தனிச் சங்கம் கண்டு, ஆணுக்கு நிகரான சம்பளத்துக்காகப் போராடியவர். அருணா கோபிநாத் எழுதிய அவரது வரலாறு 2007இல் வெளியானபோது அவருக்கு எண்பது வயது. அந்தப் படையில் அவரோடு துப்பாக்கி பிடித்தவர்களில் தோட்டத்துப் பெண்கள் ஏராளம். அவர்கள் திரும்பி வந்து மறுபடி பெரட்டுக் களத்தில், விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு வரிசையில் நின்றார்கள். படித்த பெண்ணின் வரலாறு நூலாயிற்று. கையெழுத்துப் போடத் தெரியாதவளின் வரலாறு ஆய்வாளர்களின் குறிப்பேடுகளில் இரண்டு வரியாக நின்றுவிட்டது.

ஆங்கில நாவல்களுக்கு வருகிறேன். 2002இல் ராணி மணிக்கா எழுதிய ‘தி ரைஸ் மதர்’ உலகெங்கும் விற்றது. பதினான்கு வயதில் இலங்கையிலிருந்து மணமுடித்துவரும் லட்சுமியின் கதை. வண்ணமும் சாபமும் கண்ணீரும் நிறைந்த அந்த நூலில் மலாயா ஒரு திரைச்சீலையாகத் தொங்குகிறது, அவ்வளவுதான். ஈப்போவில் வளர்ந்த பிரீதா சமரசன் 2008இல் எழுதிய ‘ஈவ்னிங் இஸ் த ஹோல் டே’ இதைவிடப் பல மடங்கு உயர்ந்த எழுத்து; ஈப்போவின் பெரிய வீடொன்றின் பொய்களை அது விட்டுவைக்கவில்லை. ஆனால் பழி சுமந்து வெளியேறும் வேலைக்காரி செல்லம் அந்த வீட்டின் சன்னல் வழியாகவே நமக்குத் தெரிகிறாள். கே.எஸ். மணியத்தின் ‘பிட்வீன் லைவ்ஸ்’ (2003) எனக்கு மிக நெருக்கமானது. தன் நிலத்தைவிட்டு நகர மறுக்கும் முதியவள் செல்லம்மாவைக் கிளப்ப ஒரு சமூகநல ஊழியர் பெண் போகிறாள், போனவள் மாறிப்போகிறாள். அருமையான அமைப்பு. எனினும் அங்கே தன்னைக் கண்டடைபவள் இளையவள். செல்லம்மா அவளுக்கு வழிகாட்டும் ஊற்றாக மட்டும் இருக்கிறாள். முதியவளுக்கும் கண்டடைய ஏதோ மிச்சமிருக்கலாம் என்பது நாவலுக்குத் தோன்றவில்லை.

முத்தம்மாள் பழனிசாமிக்கு அது தோன்றியது. அவர் 1930களில் பேராக்கின் சித்தியவான் வட்டாரத் தோட்டச் சூழலில் பிறந்தவர். தந்தை கொங்கு நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர். ஆங்கிலம் படித்து ஆசிரியையானது அந்தத் தலைமுறைத் தோட்டத்துப் பெண்களில் அரிது. வேலையும் பிள்ளை வளர்ப்பும் முடிந்து, ‘இனிக் கோயில், பேரப்பிள்ளை’ என்று மற்றவர்கள் ஒதுங்கும் வயதில், 2000க்குப் பிறகு அவர் எழுத உட்கார்ந்தார். முதலில் ஆங்கிலத்தில் ‘ஃபிரம் ஷோர் டு ஷோர்’. பிறகு தமிழில் ‘நாடு விட்டு நாடு’. அதோடு நில்லாமல் ‘நாட்டுப்புறப் பாடலில் என் பயணம்’ என்று தோட்டத்தில் புழங்கிய பாடல்களையும் நூலாக்கினார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். ஆங்கிலம் அவருக்குப் படிப்பாலும் வேலையாலும் வந்த மொழி. அதில் எழுதியதோடு முடித்திருந்தால் மேலே சொன்ன ஆங்கிலப் பட்டியலில் அவரும் ஒருவராகியிருப்பார். பெற்றோரின் மொழியில் அதைத் திரும்பச் சொல்லாமல் அவருக்கு நிறைவு வரவில்லை என்றே நான் வாசிக்கிறேன். தமிழுக்கு வந்ததும் பாட்டு வந்தது. பாட்டோடு தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். கதை தந்தையின் பயணத்திலிருந்து கிளம்புவதால் இதைக் குடியேற்ற ஆவணம் என்று ஓரமாக வைத்தவர்கள் உண்டு. ஆனால் அப்பாவின் ஊர், கப்பல், தோட்டம் என்று வந்துதான் ‘நான்’ என்பவள் யார் என்பது துலங்குகிறது. தனியாக எழுந்து நின்று ‘என்னைக் கண்டுகொண்டேன்’ என்று அறிவிக்கும் இன்றைய தன்னம்பிக்கை நூல்களின் நாயகியைவிட இந்த ‘நான்’ எனக்கு நம்பகமானவள்.

முதுமையில் எழுதுவது நம்மில் புதிதுமல்ல. வங்காளத்தில் அடுக்களைக்குள் ஒளிவாக எழுத்தறிந்த ராஸசுந்தரி தேவியின் தன்வரலாறு 1876இல் வந்தபோது அவர் அறுபதைத் தாண்டியவர். புதுச்சேரிக்கு அருகே பாட்டுகளைப் பதிவு செய்யப் போன ஜோசியான் ரசீன், பாடிய வீரம்மாவின் வாழ்க்கையையே பல ஆண்டுகள் பதிவுசெய்து நூலாக்கினார். பாட்டிலிருந்து வாழ்க்கைக்கு வந்த அந்த வழிதான் முத்தம்மாளின் வழியும். ஒப்பாரியை யாரேனும் நிதானமாகக் கேட்டிருந்தால் இது புரியும். செத்தவரைப் பற்றி நாலு வரி வரும். பிறகு பாடுகிறவளின் தாய்வீடு, வாக்கப்பட்ட கதை, கங்காணியின் ஏச்சு, பிள்ளையில்லாக் குறை எல்லாம் வரிசையாக வரும். தோட்டத்துப் பெண் நூறாண்டுகளாகத் தன்வரலாறு சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சாவு வீட்டில் மட்டும் அவளுக்கு அதற்கு அனுமதி இருந்தது.

இங்கேதான் நம் எழுத்தாளர்கள் மீது என் பெரிய குறை. ஒப்பாரியிலிருந்து கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பால்மரத்துப் பெண் என்றால் குடிகாரக் கணவன், கிராணியின் கெட்ட பார்வை, ஒழுகும் கூரை. இவை பொய்யென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் ஒரு நுட்பமான தொழில் தெரிந்தவள் என்பது எத்தனை கதைகளில் வருகிறது? விடியுமுன் மரத்தடிக்குப் போயாக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். கத்தி பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். சற்று ஆழம் போனால் மரத்துக்குக் காயம், பிறகு புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வெட்டு இடமிருந்து வலமாகச் சரிந்து, பால் மங்கு எனும் கிண்ணத்தில் நேராக விழ வேண்டும். ஒரு நிரையில் நானூறு, ஐந்நூறு மரங்கள். வெட்டி முடித்துத் திரும்பவும் அதே மரங்களைச் சுற்றிப் பாலெடுத்து, வாளிகளைக் காண்டா எனும் தோள்தடியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையென்றால் கூலி இல்லை. 1920களின் பிற்பகுதியில் அரசு வகுத்த நாட்கூலியில் ஆணுக்கு 50 சென் என்றால் பெண்ணுக்கு 40. அந்தப் பத்து சென் வித்தியாசத்துக்குக் கத்தியின் ஆழத்தில் எந்தக் காரணமும் இல்லை.

அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட ஆய்வு, மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்கள் ஆண்களின் பின்னால் வந்த சுமைகள் அல்லர், வாய்ப்பு வந்தபோதெல்லாம் தமக்கான முடிவை எடுத்தவர்கள் என்று காலனியப் பதிவேடுகளைக் கொண்டே காட்டுகிறது. நல்ல பணி. ஆனாலும் பதிவேட்டில் அவள் புகார்காரி, குற்றவாளி, சாட்சி. தொழிலாளியாக, கை தேர்ந்தவளாக அவள் அங்கே பேசுவதில்லை.

அவளைத் தொழில் தெரிந்தவளாகப் பார்க்காதது முதுமையோடு நேராகத் தொடர்புள்ளது. தோட்டத்தில் முதுமை ஓய்வாக வரவில்லை. 1950களின் பிற்பகுதியிலிருந்து தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள்; பிறகு மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள்; அதன் பிறகு வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. முப்பது, நாற்பது ஆண்டுகள் வெட்டிய பெண் ஐம்பத்தைந்தில் சிறுதொகைச் சேமநிதியோடு லயத்தைக் காலி செய்யச் சொல்லப்பட்டாள். கைத்தொழில் தெரிந்தவள் ஒரே நாளில் ஒன்றும் தெரியாத பாட்டியானாள். ஆனாலும் அவள் உட்கார்ந்துவிடவில்லை. ஈப்போவின் புந்தோங்கில் கச்சான் பூத்தே எனப்படும் கடலை, முறுக்கு வகைகளை வறுத்துப் பொரித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்கள் எத்தனை பேர். மகளின் அடுக்குமாடி வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டே முதல்முறை வாசிக்கக் கற்றவர்கள் உண்டு. வீட்டைவிட்டுப் போக மறுத்து, நிறுவனத்துக்கு எதிராக வழக்குமன்றப் படியேறியவர்களும் உண்டு. இந்தப் பிற்பாதிதான் உண்மையில் எழுதப்படாதது. நம் கதைகள் அவளைத் தோட்டத்திலேயே சாகடித்துவிடுகின்றன, அல்லது மகனுக்காகக் காத்திருக்க வைத்துவிடுகின்றன.

ஆகவே எனக்கு ஒரே திசைதான் சரியென்று படுகிறது. தோட்டத்துப் பெண்ணின் வாழ்க்கைக் கதையை இனி வேலையிலிருந்து தொடங்க வேண்டும்; அவளே சொல்ல வேண்டும்; தமிழில், அவளுடைய தமிழில் சொல்ல வேண்டும். ‘பசியாறுனோம்’, ‘பெரட்டுக்கு நின்னோம்’ என்று அவள் சொன்னால் அப்படியே அச்சேற வேண்டும். மலாய்ச் சொல் கலந்தால் கலக்கட்டும். பதிப்பாசிரியர் அவளுக்குப் பாடநூல் தமிழை உடுத்த வேண்டாம், அவள் வாழ்க்கையை வீரகாவியமாகவோ அழுகைக் காட்சியாகவோ மாற்றவும் வேண்டாம்.

ஜப்பான்காரன் காலத்தைச் சிறுமியாகப் பார்த்தவர்கள் இன்று எண்பதின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் இருக்கிறார்கள். துண்டாடலின்போது இளம்பெண்களாக இருந்தவர்கள் எண்பதை நெருங்கியும் தாண்டியும் நிற்கிறார்கள். சுங்கை சிப்புட்டிலும் சித்தியவானிலும் தெலுக் இந்தானிலும் ஈப்போவிலும் அவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி இருக்கிறது. மலேசியத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுபவர்கள் ‘நாடு விட்டு நாடு’க்கு அடிக்குறிப்பில் அல்ல, பக்கத்தின் நடுவில் இடம் கொடுக்க வேண்டும். பேரப்பிள்ளைகளிடம் கேட்பது வேறு. இந்த விடுமுறையில் பாட்டியின் முன்னால் உட்காருங்கள். ‘கஷ்டப்பட்டீங்களா பாட்டி?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டுவீங்க, உங்க நிரை எந்தத் தீம்பார்ல இருந்தது?’ என்று கேளுங்கள்.