இரண்டாம் ஊறல்

ரை என்பது நம்மூர்க் கம்பு அல்ல. கோதுமைக்கு நெருங்கிய உறவு. அமெரிக்காவில் பெரும்பாலான ரை விஸ்கிகள் முளைக்காத ரையில்தான் வடிக்கப்படுகின்றன. சான் பிரான்சிஸ்கோவில் ஃபிரிட்ஸ் மேட்டாக் 1993-இல் தொடங்கிய வடிசாலை வேறு வழி பிடித்தது. முளைகட்டி உலர்த்திய ரை மால்ட்டை மட்டுமே வைத்து ‘ஓல்ட் பொட்ரேரோ’வை வடித்தது. ரைக்கு உமி கிடையாது. ஊறவைத்த மாவு பசைபோல் இறுகி, சாறு இறங்க மறுக்கும். அந்தத் தொல்லையைச் சகித்தவருக்குக் கிராம்பின் காரமும் கறுப்பு ரொட்டியின் மணமும் கூலி.

இப்படிப் பாடுபட்டு மணம் எடுத்த விஸ்கியை, போர்ட், ஷெர்ரி ஒயின்களோ ரம்மோ ஊறிய பீப்பாய்களில் இரண்டாம் முறை ஊறவைப்பதுதான் இப்போதைய மோகம்.

இந்த வித்தை ஸ்காட்லாந்தில் பேர்பெற்றது. பால்வெனி வடிசாலையில் டேவிட் ஸ்டூவர்ட் 1980-களில் இதைச் செய்தபோது அதில் நியாயம் இருந்தது. அங்கே முதல் பீப்பாயே பெரும்பாலும் பழையது. சத்தில் பாதியை முன்பே கொடுத்துவிட்ட மரம். இரண்டாவது பீப்பாய்க்கு அங்கே இடமுண்டு. அமெரிக்கச் சட்டமோ ரை விஸ்கி, ரை மால்ட் விஸ்கி இரண்டையும் உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்கச் சொல்கிறது. வனிலா, தேங்காய், கருகிய சர்க்கரை எல்லாம் அதிலேயே வந்து சேர்ந்துவிடும். வயிறு நிறைந்தவனுக்கு மறுபந்தி எதற்கு?

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. ஒயின் இருந்த பீப்பாயின் பலகை லிட்டர் கணக்கில் ஒயினைக் குடித்து வைத்திருக்கும். விஸ்கி உள்ளே போனதும் அது வெளியே கசியும். மரத்தின் பக்குவம் என்று நாம் மெச்சுவதில் ஒரு பங்கு, சுற்றுவழியில் கலந்த ஒயின்தான். இளம் விஸ்கியின் பச்சை வாடையை மூட இதைவிட வசதியான போர்வை கிடைக்காது.

ஆனாலும் முழுவதையும் தள்ளிவிட மாட்டேன். வெர்மான்டின் விசில்பிக் நிறுவனம் தன் 12 ஆண்டு ரையில் மடீரா ஒயின் பீப்பாயில் ஊறியதை 63 விழுக்காடும், சோட்டெர்ன் ஒயின் பீப்பாயில் ஊறியதை 30 விழுக்காடும், போர்ட் பீப்பாயில் ஊறியதை வெறும் 7 விழுக்காடும் கலந்தது. அது ரை மால்ட் அல்ல. ஆனால் அந்த 7-இல் தெரிகிற அடக்கம் ரை மால்ட்காரர்களுக்கும் பாடம். மடீராவின் புளிப்பு கிராம்புக் காரத்தைத் தூக்கிப்பிடிக்கும். போர்ட்டின் இனிப்பு அதை அமுக்கிவிடும்.

சுவைப்பவர் முதல் மடக்கில் மயங்கக் கூடாது. அங்கே பேசுவது ஒயின். சில துளி நீர் விட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். குடித்து முடித்த குவளை காய்ந்ததும் மறுபடி முகருங்கள். அதில் ரொட்டி மணம் இருந்தால் தானியம் பிழைத்திருக்கிறது. உலர்திராட்சை மட்டும் மணத்தால், ரை மால்ட் என்ற பெயருக்குக் கூடுதல் விலை தராதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல போர்ட்டே கிடைக்கும்.