விடிய விடிய உட்கார்ந்தவர்கள் எழுதிய இலக்கணம்

எங்கள் பக்கத்தில் கூத்து எப்படி இருந்தது என்று கேட்டால், "நீ எத்தனை மணிக்கு எழுந்து வந்தே?" என்று பதிலுக்குக் கேட்பார்கள். இரண்டு மணிக்கே வந்துவிட்டேன் என்றால் ஜமா, அதாவது கூத்துக்குழு, சுமார். வெயில் முதுகில் சுள்ளென்று அடிக்கும்வரை இருந்தேன் என்றால் அதற்குமேல் விமர்சனம் தேவையில்லை.

ஸ்பெயின் நாட்டு நாடக வரலாற்றைப் படித்தபோது இந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாட்ரிட்டில் நாடகம் நடந்த இடம் அரண்மனை மட்டுமல்ல. வீடுகளுக்கு நடுவே இருந்த முற்றமும்தான். ஒரு கோடியில் மேடை. பெண்களுக்குத் தனி அடைப்பு. அதற்குப் பெயரே 'சட்டி'. முற்றத்தில் நின்றபடி பார்க்கும் ஆண்களுக்குத் 'துப்பாக்கி வீரர்கள்' என்று பட்டப்பெயர். வசனம் பிடிக்காவிட்டால் விசிலடித்தே கவிழ்த்துவிடுவார்கள். அவர்களுக்காகவே எழுதியவர் லோப்பே தெ வேகா. நாடகம் எழுத உட்காரும்போது பழைய இலக்கண விதிகளையெல்லாம் பூட்டி வைத்துவிடுவதாகவும், காசு கொடுத்துப் பார்ப்பவன் சாமானியன் என்றும் 1609-இல் பண்டிதர்களிடமே சொன்னார். அழுகைக்கு நடுவே சிரிப்பை விட்டதும், எஜமானுக்குப் பக்கத்தில் ஒரு கோமாளி வேலைக்காரனை நிறுத்தியதும் அந்தத் தைரியத்தில்தான். நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. துரியோதனனையே கேலி செய்யும் கட்டியங்காரனை நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறோம்.

நம் கூத்தில் வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று இரண்டைச் சொல்வார்கள். எல்லைக்கோடு எங்கே என்று கேட்டால் இரண்டு வாத்தியார்கள் ஒரே பதில் சொல்லமாட்டார்கள். செய்யாறு பக்கம் புரிசை பெரிய பெயர். நடேசத் தம்பிரானும் கண்ணப்பத் தம்பிரானும் ஆடியதைப் பார்த்து மலைத்தவர்களில் 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமியும் ஒருவர். ஸ்பானிய மொழியில் மார்க்கேஸ் எழுதிய சிறகு முளைத்த கிழவன் கதையைக் கூத்தாக்கியதும் புரிசைக்காரர்கள்தான். பெருங்கட்டூர்ப் பாணியில் வந்தவர் பெ. ராஜகோபால். அவரும் ஹன்னே தெ புருயினும் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் நடந்த அவர்களுடைய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கிரீடம் கட்டி ஆடினார்கள். 2020-இல் அது மூடப்பட்டது. ஸ்பெயினில் 1587-லேயே பெண்கள் மேடையேற அனுமதி கிடைத்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தெருக்கூத்தா, கட்டைக்கூத்தா என்ற பெயர்ச் சண்டையில் நான் நுழையவில்லை. ஊரில் எல்லாருக்கும் அது வெறும் கூத்துதான்.

பாணி எதுவானாலும் தரம் தெரியும் இடம் திரை. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருப்பார்கள். கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். கீழே சலங்கைக் கால். உள்ளிருந்தபடியே கர்ணன் விருத்தம் எடுப்பான். முகவீணை கிறீச்சென்று ஏறிக்கொண்டே போகும். குரல் அதன்கூடவே ஏற வேண்டும். ஏறாவிட்டால் கடைசி வரிசையில் பீடி பற்றவைத்துவிடுவார்கள். திரை விலகியதும் கிறுக்கி என்கிற சுழலாட்டம் சுற்ற வேண்டும். கல்யாணமுருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜமும் சுற்றுக்குச் சுற்று ஆளை வெளியே இழுக்கும். கால் தடுமாறாமல் தாளத்தில் வந்து நின்றால்தான் அவன் கர்ணன். மைக் வந்த பிறகு குரலில் ஏமாற்றலாம். கிறுக்கியில் ஏமாற்ற முடியாது.

இப்போது பார்ப்பவர்கள் மாறியிருக்கிறார்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. ஒரகடம் வரை கம்பெனி பஸ் ஓடாத நேரமில்லை. காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் விடியவிடிய உட்கார முடியாது. அதனால் இரண்டு மணி நேரக் கூத்து கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் பகடை துகிலில் கொஞ்சம், அர்ச்சுனன் தபசில் கொஞ்சம், பதினெட்டாம் போரில் கொஞ்சம் என்று நறுக்கிப் போடுகிறார்களே, அது கூத்தே இல்லை.

வெட்டத் தெரிந்தவர் வெட்டலாம். கவிஞர் லோர்கா 1932-இல் மாணவர்களைச் சேர்த்து 'லா பார்ராக்கா' என்ற குழுவை அமைத்து, லாரியில் கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய நாடகங்களைப் போட்டார். அதில் ஒன்று லோப்பேயின் 'ஃபுவெந்தே ஒவெஹூனா'. கொடுமை செய்த தளபதியை ஒரு ஊரே சேர்ந்து கொன்றுவிடுகிறது. சித்திரவதை செய்து, கொன்றது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு ஊர்ப் பெயரையே சொல்கிறார்கள். மூலத்தில் இருந்த ராஜா ராணி காட்சிகளை லோர்கா எடுத்துவிட்டார். ஊர்க்கதையில் கை வைக்கவில்லை. அதுபோல இரண்டு மணி நேரம்தான் என்றால் கர்ண மோட்சத்தில் பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் காட்சியை மட்டும் எடுத்து முழுசாக ஆடுங்கள். உட்காருவார்கள்.

விழாக் குழுவினருக்கு வேண்டுகோள். தாம்பூலம் கொடுக்குமுன் சனிக்கிழமை இரவாகப் பார்த்துத் தேதி குறியுங்கள். அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரைக் கட்டாயம் மைக்கில் சொல்லுங்கள், கர்ணன் உயிர் பிரிகிற நேரத்தில் மட்டும் வேண்டாம்.